வலது தோளில் விழுந்த வெளிச்சம்

பொம்மையின் கையில் இருக்கும் விளக்கு எரிய வேண்டுமென்றால் முதலில் பொம்மையை இருட்டாக்க வேண்டும். அந்தப் பட்டறையில் இதைத் தெரிந்துவைத்திருந்தவர்கள் பலர். செய்யத் துணிந்தவர் ஒருவர்தான். அதனால் அவருக்கு இருட்டக்கா என்று பெயர் வந்தது. பெற்றவர்கள் வைத்த பெயரும் ஒன்று இருந்தது. மாமியார் அதை மறந்து பல வருடங்களாகின்றன. பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குக் கணவருக்கு அவசரம் எதுவும் இன்னும் வரவில்லை.

பட்டறை என்றால் நீளமான ஒரு கூடம், அதில் நீளமான ஒரு மேசை, மேசையின் ஒரு பக்கம் மட்டும் நாற்காலிகள். கடல் கடந்த ஊர்களில் வயது வந்தவர்கள் உட்கார்ந்து விளையாடும் பலகை விளையாட்டுகளுக்காக மந்திரவாதிகளும் பேய்களும் முக்காடு போட்ட கொலைகாரர்களும் குள்ளர்களும் அங்கே கட்டைவிரல் உயரத்தில் தயாராவார்கள். கை வேறு, கால் வேறு, தலை வேறாக பிளாஸ்டிக் சட்டத்தில் வந்து இறங்குகிறவர்களைப் பசைக்காரர் வெட்டி, சுரண்டி, ஒட்டி, கறுப்பு அடித்து முதல் நாற்காலிக்குத் தள்ளுவார். அங்கிருந்து தோலின் நிறம், துணி, இரும்பு, கண் என்று ஆளுக்கோர் அங்கமாகப் பூசிப் பூசி அனுப்ப, கடைசி நாற்காலிக்கு வரும்போது ஒவ்வொரு குள்ளனும் பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி பளபளவென்று இருப்பான். கடைசி நாற்காலி இருட்டக்காவுடையது.

கையில் ஒன்றும் இல்லாதவன் என்றால் வார்னிஷ் அடித்து அனுப்பிவிடுவார். கையில் விளக்கோ தீப்பந்தமோ இருந்துவிட்டால் அவன் கதை அவ்வளவுதான். கரிநீலத்தைத் தண்ணீராகக் கரைத்து, விளக்குக்கு எட்டாத இடமெல்லாம் ஓடவிடுவார். காய்ந்ததும் இன்னொரு தடவை. ஒருத்தி காலையிலிருந்து குனிந்து வரைந்த அங்கியின் மடிப்புகள், இன்னொருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்த பொத்தான்கள் எல்லாம் ஒவ்வொன்றாக மூழ்கும். கேட்டால் அவரிடம் பதில் தயாராக இருக்கும்.

"வெளக்கு எரியுதுன்னா ராத்திரின்னு அர்த்தம். ராத்திரியில உன் பொத்தானை யாரு பாக்கப் போறா?"

அதற்குப் பிறகுதான் அவர் வேலை தொடங்கும். பொம்மையை எடுத்துக்கொண்டு சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். சாவிக்கொத்தில் மாட்டுகிற சின்ன டார்ச் ஒன்றைப் பொம்மையின் விளக்குக்குப் பக்கத்தில் பிடித்து, வெளிச்சம் எங்கெங்கே விழுகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று பார்ப்பார். கீழிருந்து வரும் வெளிச்சம் தாடையின் அடிப்பக்கத்தைத் தொடும், மூக்கின் அடியைத் தொடும், புருவத்தின் மேல்பக்கத்தைத் தொடாது. வெளியே வந்து, விளக்குக் கண்ணாடிக்கு அருகில் வெளிறிய மஞ்சள், அதைத் தாண்டிக் கெட்டி மஞ்சள், பிறகு ஆரஞ்சு, பிறகு செம்பழுப்பு, கடைசியில் மறுபடி கரிநீலம் என்று ஊசிமுனைப் பிரஷால் கோடு கோடாக வைப்பார். சுத்த வெள்ளை என்பது பொம்மை முழுக்க ஒரே ஒரு புள்ளி. அது திரியின் நடுவில் இருக்கும். அந்தப் புள்ளியை அவர் வைக்கும்போது யாரும் மேசையை அசைக்கக் கூடாது. வைத்த பிறகு விளக்கு எரியும். எரிகிறது என்றுதான் சொல்ல வேண்டும். அருகே கையைக் கொண்டுபோகத் தோன்றும்.

பக்கத்து நாற்காலிக்காரர்கள் அதைப் பார்த்து மனதுக்குள் பாராட்டிவிட்டு, தங்கள் பொத்தான் எங்கே என்று தேடுவார்கள்.

இதெல்லாம் தொழில் தகராறோடு போயிருக்கும். அங்கிகளுக்குப் பூவேலை வரைகிறவள் இருட்டக்காவின் நாத்தனாராக இல்லாமல் இருந்திருந்தால்.

கணவரின் தங்கையான அவளைப் பட்டறையில் ஜரிகை என்று கூப்பிடுவார்கள். பிளாஸ்டிக்கின் மேல் நூல் ஓட்டியது போல வரைவாள். நகக்கணு அளவு இடம் கொடுத்தால் அதில் ஒரு கொடி, கொடியில் நாலு இலை, இலையில் நரம்பு. அவளை வேலைக்குச் சேர்த்துவிட்டதே இருட்டக்காதான். தங்கப் பெயிண்டைத் தொடாதே, அது எந்தப் பக்கம் திருப்பினாலும் மினுக்கும், வெறும் மஞ்சளையும் பழுப்பையும் வைத்துத் தங்கத்தைக் காட்டு என்று சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். அப்போது ஜரிகைக்கு வேறு வேலை இல்லை, வீட்டில் சும்மா உட்கார்ந்து அண்ணி சமைப்பதில் உப்புக் குறைவைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். வெளியே அனுப்பினால் வீட்டில் கொஞ்சம் நிம்மதி என்று அண்ணி கணக்குப் போட்டார். வீட்டில் இருந்த தொல்லை பட்டறைக்கும் சேர்ந்து வந்தது.

விளக்கு வைத்த பொம்மைகள் பெரும்பாலும் இடது கையில்தான் விளக்கைப் பிடித்திருக்கும். வலது கையில் வாளோ கோடரியோ இருக்கும். ஆகவே இருட்டுவது வலது தோள். ஜரிகையின் கை நன்றாக ஓடுவதும் வலது தோளில். அங்கே இருட்டக்கா மற்றவர்களின் வேலைக்கு இரண்டு பூச்சு என்றால் நாத்தனாரின் வேலைக்கு மூன்று விடுவார் என்று பேச்சு இருந்தது. வெளிச்சத்தின் சட்டம் அப்படி என்பார் அவர். சட்டம் சொந்தக்காரர்களிடம் மட்டும் கொஞ்சம் கடுமையாக நடந்துகொண்டது என்பது உண்மைதான்.

வேலை முடிந்து இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில், முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கைகளில் உட்கார்ந்து, ஒரே வீட்டுக்குப் போவார்கள். வாசலிலேயே விசாரணை தொடங்கும்.

"ஏம்மா, எம்பொண்ணு நாள் பூரா கண்ணு வலிக்க வரையறா. நீ ஒரு நிமிஷத்துல கறுப்ப ஊத்திடறியாமே" என்பார் மாமியார்.

"நானா ஊத்தல அத்தை. வெளக்கு அந்தப் பக்கம் இருக்கு."

"வெளக்கும் உங்கையிலதானே இருக்கு."

கணவர் லிப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள எல்லோரையும் மேலே ஏற்றி இறக்குகிறவர். வீட்டுச் சண்டையில் மட்டும் எப்போதும் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிடுவார். "ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு" என்பார். பிள்ளைகள் இரண்டும் இதைக் கேட்டுக் கேட்டு, பென்சிலுக்கு அடித்துக்கொள்ளும்போதுகூட இந்த வசனத்தைச் சொல்லிவிட்டு அடித்துக்கொண்டன.

இருட்டக்காவுக்கு வாழ்க்கையில் ஒரு ஆசை இருந்தது. பெரிய ஆசை இல்லை. ஒரு கதவு. அதைச் சாத்தினால் உள்ளே கணவர், பிள்ளைகள், தான் மட்டும் இருக்க வேண்டும். உப்பு குறைந்தால் குறைந்ததாகவே சாப்பிட வேண்டும். கேட்டுப் பார்த்தார். அம்மா இருக்கும்போது எப்படி என்றார் கணவர், பிறகு நியாயங்களை எண்ணத் தொடங்கினார்.

அந்தக் கதவு பட்டறைக்கு மேலேயே இருந்தது. மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை. பட்டறை மேற்பார்வையாளருக்கு என்று முதலாளி ஒதுக்கியது, வாடகை கிடையாது. இருந்த மேற்பார்வையாளர் வயதாகி மகனிடம் போவதாகச் சொல்லிவிட்டார். அடுத்தது யார் என்று முதலாளி யோசித்தார். அவர் யோசிக்கும் முறை எளிமையானது: வாங்குகிறவன் யாரைப் புகழ்கிறானோ அவர்தான் திறமைசாலி. புதிதாகக் கடலுக்கு அப்பாலிருந்து ஒரு பெரிய கம்பெனி வந்திருந்தது. சுரங்கக் காவலன் என்று ஒரு குள்ளன், இடுப்பு வரை தாடி, தோளில் அங்கி, கையில் விளக்கு. மாதிரிக்கு ஒன்று செய்து அனுப்ப வேண்டும். "இதுல யாரு வேலைய அவங்க பாராட்டறாங்களோ, மாடி அவங்களுக்கு" என்று முதலாளி கூடத்தின் நடுவில் நின்று சொன்னார்.

விளக்கு வைத்த பொம்மை. மாடி வந்த மாதிரிதான் என்று இருட்டக்கா நினைத்தார். அன்று பஸ்ஸில் நாத்தனாருக்கு ஜன்னல் இருக்கையை விட்டுக்கொடுத்தார். ஜரிகையும் மறுக்காமல் உட்கார்ந்துகொண்டு வழியெல்லாம் வெளியே பார்த்தபடி வந்தாள். அவள் சாதாரணமாக வழியெல்லாம் பேசுகிறவள். அதை அண்ணி கவனித்திருக்கலாம்.

காவலன் ஒவ்வொரு நாற்காலியாக நகர்ந்து வந்தான். கண் எழுதுகிறவர், மூக்கில் இரண்டு கண்ணாடிகளை ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு, முகத்தில் தன் திறமையெல்லாம் இறக்கியிருந்தார். கண்ணோரச் சுருக்கம், உதட்டு வெடிப்பு, இரவுக் காவல் காக்கிறவனுக்கே உரிய சலிப்பு, எல்லாம் இருந்தது. இருட்டக்கா காவலனைக் கையில் வாங்கி ஒரு சுற்றுத் திருப்பினார். மறுபடி ஒரு சுற்று. பிறகு மேசையில் வைத்துவிட்டார்.

இடது கை விளக்கோடு நெஞ்சுக்குக் குறுக்கே திரும்பி, வலது தோளுக்குப் பக்கத்தில் போய் நின்றிருந்தது. வலது தோளில் ஜரிகையின் பூவேலை. இத்தனை வருடத்தில் அப்படி ஒன்றை அவள் வரைந்ததில்லை. ஒரு கொடி தோளில் ஏறி முதுகுப் பக்கம் இறங்கியது. ஒவ்வொரு நூலும் தனியாகத் தெரிந்தது.

பசைக்காரரிடம் போய்க் கேட்டார். அவர் கை தனியாகத்தான் வருகிறது, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பி ஒட்டலாம் என்றார். யார் திருப்பச் சொன்னது என்று கேட்டதற்கு, உங்க வீட்டுப் பொண்ணுதான், உங்களைக் கேட்டுட்டுத்தான் சொல்றதா நெனச்சேன் என்றார். முதலாளிக்கும் தெரியுமாம். விளக்குக் கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பெட்டிக்குள் ஒடிகிறது, உள்ளே மடக்கியது நல்ல யோசனை என்று அவரே முதுகில் தட்டினாராம். காய்ந்த பசையைப் பிரித்தால் தோளும் சேர்ந்து வரும்.

திரும்பி வரும் வழியில் ஜரிகையின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"கையத் திருப்பினது நீதானே?"

"பொட்டியில ஒடையுதுன்னு மொதலாளி பொலம்பினாரே அண்ணி." அவள் பிரஷைக் கழுவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"உன் தோளுக்கு நேராத்தான் மடக்கணுமா?"

"வெளக்கு எங்க இருக்கோ அங்கதானே வெளிச்சம். நீங்க சொல்லிக் குடுத்ததுதான்."

கண் எழுதுகிறவர் தன் இரண்டு கண்ணாடிகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

இருட்டக்கா காவலனை எடுத்துக்கொண்டு சாமான் அறைக்குள் போனார். டார்ச்சை விளக்குக்குப் பக்கத்தில் பிடித்தார். தோள் பற்றி எரிந்தது. கொடியின் அத்தனை நூலும் வெளிச்சத்தில் குளித்தது. தாடியின் வலது ஓரத்தில் கொஞ்சம் செம்பழுப்பு. மடக்கிய முழங்கையும் அங்கியின் கழுத்துப்பட்டியும் நடுவில் நின்று மறைத்ததால் முகத்தில் ஒன்றுமில்லை. முகம் கரிநீலம். கண், சுருக்கம், உதட்டு வெடிப்பு, சலிப்பு எல்லாம் போய்விட்டது.

அவர் முன்னால் இரண்டு வழி இருந்தது. முகத்தில் கொஞ்சம் மஞ்சளைத் தொட்டு வைத்துவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. முழங்கையைத் தாண்டி வெளிச்சம் வளைந்து வந்தது எப்படி என்று விசாரிக்க எந்தக் கம்பெனியும் ஆள் வைத்திருப்பதில்லை. முகமும் தெரியும், தோளும் தெரியும், எல்லோருக்கும் நல்ல பெயர். ஆனால் பல வருடங்களாக எத்தனையோ பேருடைய பொத்தான்களை வெளிச்சம் பொய் சொல்லாது என்று சொல்லித்தான் மூழ்கடித்திருந்தார். இப்போது தன் மாடிக்காக ஒரு பொய் வைத்தால் இந்த மேசையில் நாளை எப்படி உட்காருவது. இது ஒரு காரணம். மரியாதையான காரணம்.

இன்னொரு காரணமும் இருந்தது. முகமே தெரியாத பொம்மையை எவன் வாங்குவான்? தூக்கி மூலையில் போடுவான். ஏன் முகம் தெரியவில்லை என்று முதலாளி கேட்பார். கையைத் திருப்பியவளைக் கேளுங்கள் என்று சொல்லலாம். சட்டத்தை அப்படியே கடைப்பிடித்தால் போதும், நாத்தனார் வெட்டிய குழியில் நாத்தனாரே விழுவாள். நேர்மைக்கும் வஞ்சத்துக்கும் ஒரே கலர் தேவைப்பட்டது அவருக்கு அன்றைக்கு வசதியாகப் போயிற்று. கரிநீலத்தைக் கரைத்தார்.

முகத்துக்கு மூன்று பூச்சு. கண் எழுதியவர் எழுந்து வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தார்.

தோளுக்கு வந்தபோது வேறொரு சிக்கல். அதை ஏனோதானோவென்று செய்தால் விளக்கு எரியவில்லை, அதனால்தான் பொம்மை எடுபடவில்லை என்று தன் மேல் பழி வரும். வெளிச்சத்தில் ஒருத்தரும் ஒரு குறை சொல்லக் கூடாது. ஆகவே அவர் தன் வாழ்நாளில் செய்யாத அளவுக்குச் செய்தார். கொடியின் ஒவ்வொரு நூலுக்கும் விளக்குப் பக்கம் ஒரு மயிரிழை மஞ்சள், மறுபக்கம் ஒரு மயிரிழை நிழல். இலை நரம்புகளுக்கும் அப்படியே. தோளின் வளைவில் வெளிச்சம் சாயும் இடத்தில் ஆரஞ்சை எங்கே நிறுத்துவது என்று பாதி நாள் யோசித்தார். பிரஷை உதட்டில் வைத்து முனை கூர்ப்பார், ஒரு கோடு வைப்பார், சாமான் அறைக்குப் போவார், வருவார். திரியின் நடுவில் வெள்ளைப் புள்ளியை வைத்தபோது ஜரிகை உட்பட எல்லோரும் மேசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்கள்.

விளக்கு எரிந்தது. பக்கத்தில் ஒரு தோள் இருட்டிலிருந்து எழுந்து நின்றது. முதலாளி போட்டோ எடுக்கும்போது, இது பேட்டரி போட்டதா என்று கேட்டார். இல்லை என்றதும் சரி என்று போட்டோவை அனுப்பினார்.

கணவரிடம் இருட்டக்கா அன்று காலை பஸ் நிறுத்தத்தில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். அவரும், தங்கச்சி பண்ணினது தப்புதான் என்று ஆரம்பித்தார். அவருடைய பஸ் முதலில் வந்துவிட்டது.

கம்பெனியின் பதில் வீடியோ அழைப்பில் வந்தது. முதலாளி அறையின் கதவு திறந்தே இருந்தது. மேசை முழுக்கக் காதாக இருந்தது. அந்தப் பக்கம் ஒரு பெண் படபடவென்று பேசினாள். முதலாளி தலையை ஆட்டினார், சிரித்தார், எழுந்து கூடத்துக்கு வந்தார்.

"மொகம் தெரியாததுதான் மர்மமா இருக்காம். யாரு இவன், என்ன நெனக்கிறான்னு தெரியலியேன்னு பயமா இருக்காம். ரொம்பப் புடிச்சுப் போச்சு." பிறகு சொன்னார்: "அந்தத் தோளைச் செஞ்சது யாருன்னு கேக்கறாங்க."

மேசை முழுவதும் ஜரிகை பக்கம் திரும்பியது.

இருட்டக்கா வாயைத் திறந்தார். அந்தத் தோளில் ஒரு நூலும் அவருடையது இல்லை. அந்தத் தோளில் கண்ணுக்குத் தெரிகிற எதுவும் அவர் இல்லாமல் தெரியாது. இதில் எதை முதலில் சொல்வது என்று தெரியவில்லை. வெளிச்சத்தைக் குறை சொல்ல முடியாதபடி செய்திருந்தார். அதனால் யாரும் வெளிச்சத்தைப் பார்க்கவில்லை, தோளைத்தான் பார்த்தார்கள். கொஞ்சம் மட்டமாகச் செய்திருந்தால் விளக்கை யார் செய்தது என்றாவது கேட்டிருப்பார்கள்.

"ஒவ்வொரு நூலும் எண்ணிப் பாக்கலாம் போல இருக்காம்" என்று முதலாளி ஜரிகையிடம் சொன்னார். திரும்பும்போது, இருட்டக்காவையும் விட்டுவிடக் கூடாது என்று நினைவு வந்தவராக, "ஒங்க வேலையும் நல்லாத்தான் இருக்கு. வெளக்கு நல்லா எரியுது" என்றார்.

ஜரிகை எழுந்து நின்றாள். அண்ணியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கேலி இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். பயந்த மாதிரி இருந்தது.

அன்று இரண்டு பேரும் வெவ்வேறு பஸ்ஸில் வந்தார்கள். இருட்டக்கா ஏறிய பஸ் பாதி தூரம் வருவதற்குள் அவர் மனம் மெல்ல மாறிவிட்டது. நிறுத்தத்தில் இறங்கும்போது கிட்டத்தட்டச் சிரித்துக்கொண்டிருந்தார். காரணம் எளிமையானது. மாடி ஜரிகைக்கு. ஜரிகை தனியாக இருக்க மாட்டாள், மாமியாரையும் அழைத்துக்கொண்டுதான் போவாள். அப்படியானால் இந்த வீட்டில் மிச்சம் இருப்பது யார்? கணவர், பிள்ளைகள், தான். கதவைத் தேடி அவர் போகவில்லையென்றால் என்ன, கதவே அவரிடம் வந்துவிட்டதே. இத்தனை வருடமும் தப்பான ஆளை மாடிக்கு அனுப்பப் பார்த்திருக்கிறோம் என்று தன்னையே நொந்துகொண்டார்.

அந்த வாரம் அவர் நடந்துகொண்டதைப் பார்த்து வீடே கலங்கிப்போனது. நாத்தனாருக்குப் பெட்டி கட்டிக் கொடுத்தார். உன் கைக்குக் கெடச்சது, நல்லா இரு என்று வாழ்த்தினார். மாமியாருக்கு முதல் டம்ளர் டீ போனது. மேற்பார்வையாளரான நாத்தனாரின் பழைய அறையை அளந்து, பிள்ளைகளின் மேசையை அங்கே நகர்த்தலாமா என்று யோசித்தார். சமையலறை அலமாரியில் மாமியாரின் டப்பாக்களை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்தார், எடுத்துப் போக வசதியாக. பட்டறையிலும் வேலை குறைந்த ஒரு பிற்பகலில் ஒரு மந்திரவாதியின் பொத்தான்களை மூழ்கடிக்காமல் விட்டுவிட்டார். பொத்தான்காரி பயந்துபோய், அக்காவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டாளாம்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் மாமியார் பேச்சை எடுத்தார்.

"எம்பொண்ணு சொல்றா, அங்க ரெண்டு ரூம் இருக்கு, காத்து வருது, வாடகையும் கெடையாதுன்னு. பின்ன இந்த வீட்டுக்கு எதுக்கு அழுதுக்கிட்டு இருக்கணும்? எல்லாருமா போயிடலாம்."

இருட்டக்கா கணவரைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரைக் கெஞ்சுகிற மாதிரி பார்த்தார். கணவர் தட்டில் விரலால் ஏதோ வரைந்துகொண்டிருந்தார்.

"ஆறு பேரு ரெண்டு ரூம்ல எப்படி அத்தை?"

"இப்ப என்ன அரண்மனையிலயா இருக்கோம்? நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போக பஸ்ஸும் வேணாம். படி எறங்கினா பட்டறை."

ஜரிகை இடையில் புகுந்தாள். "எனக்கும் அண்ணி பக்கத்துல இருந்தா தைரியமா இருக்கும்மா. மேற்பார்வைன்னா சும்மாவா." அவள் மனதாரத்தான் சொன்னாள். எதிரி கிண்டலாகச் சொன்னால் திருப்பி ஏதாவது சொல்லலாம். மனதாரச் சொன்னால் என்ன செய்வது.

கணவர் ஒருவழியாக வாயைத் திறந்தார். அவர் என்ன சொன்னார் என்று எழுதத் தேவையில்லை. இந்தத் தடவை நியாயம் ஒரே பக்கம் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மாடிக்கு எல்லோரும் போய்ச் சேர்ந்தார்கள். முன்னறை மேற்பார்வையாளருக்கும் அவர் அம்மாவுக்கும். பின்னறை மற்றவர்களுக்கு. பின்னறைக்குக் கதவு உண்டு, ஆனால் சமையலறைக்குப் போக அதுதான் வழி என்பதால் அதைச் சாத்தக் கூடாது என்று முதல் நாளே முடிவாயிற்று. பஸ்ஸில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வருகிற நேரம் ஒன்று இருந்தது அல்லவா, யாருக்கும் மருமகளும் இல்லை, அண்ணியும் இல்லை என்று, அதுவும் இப்போது இல்லை.

கம்பெனி ஆர்டர் வந்தது. காவலர்கள் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக வந்து இறங்கினார்கள், எல்லோருக்கும் கையை உள்பக்கம் மடக்கியே ஒட்டினார் பசைக்காரர். ஜரிகை இப்போது வரைவதில்லை. மேற்பார்வை பார்ப்பவள் பிரஷ் பிடிக்கக் கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார். அவளுடைய கொடியைப் பார்த்து வேறு இரண்டு பெண்கள் வரைந்தார்கள். நூல் நூலாக வரவில்லை, கயிறு கயிறாக வந்தது. அந்தக் கயிறுகளை நூலாகக் காட்டும் பொறுப்பு வெளிச்சத்தின் தலையில் விழுந்தது. இருட்டக்கா மயிரிழை மஞ்சளும் மயிரிழை நிழலுமாக நாத்தனாரின் தோளை நாள் முழுதும் ஏற்றிக்கொண்டிருந்தார்.

முதல் பெட்டி போன பிறகு அங்கிருந்து ஒரு செய்தி வந்தது. ஜரிகை அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மேசையின் அந்தக் கோடியிலேயே நின்றாள். பிறகு மெதுவாகக் கடைசி நாற்காலிக்கு வந்தாள்.

"அண்ணி, வாங்கறவங்க சில பேரு மொகமே தெரியலன்னு சொல்றாங்களாம். மொகத்துலயும் கொஞ்சம் வெளிச்சம் வெக்கச் சொல்றாங்க."

இருட்டக்கா ஒரு காவலனை எடுத்து, மடக்கிய முழங்கையைப் பிரஷின் பின்பக்கத்தால் தொட்டுக் காட்டினார். "இதத் தாண்டி எப்படி வரும்?"

"தெரியும் அண்ணி."

"தெரிஞ்சா?"

"ரெண்டாவது வெளக்கு ஒண்ணு இருக்குன்னு வெச்சுக்கங்களேன். அவனுக்கு எதிர்ல யாரோ ஒருத்தன் நின்னு பிடிச்சிருக்கான்னு."

"யாரு?"

"யாரோ." ஜரிகை குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இத நான் செய்ய வெக்கலன்னா மொதலாளி மேற்பார்வைக்கு வேற ஆளப் போட்டுடுவாரு. மாடியும் போயிடும். பழைய வீட்டையும் விட்டாச்சு."

இப்போது அவர் வைக்க மறுத்தால் தெருவில் நிற்கப் போவது நாத்தனார் மட்டும் இல்லை. பின்னறையும் சேர்ந்து போகும். அன்றைக்கு மாடிக்காக வைக்காத பொய்யை இன்றைக்கு அதே மாடிக்காக வைக்க வேண்டும். நடுவில் மாடி மட்டும் கை மாறியிருந்தது. இருட்டக்கா வெளிறிய மஞ்சளை ஒரு துளி எடுத்தார். சாமான் அறைக்குப் போகவில்லை. இல்லாத விளக்குக்கு டார்ச் எங்கே பிடிப்பது. மூக்கின் நுனியில் ஒன்று, கன்னத்தில் ஒன்று, கண்ணோரச் சுருக்கத்தில் ஒரு கோடு. முகம் மேலே வந்தது. வந்த கையோடு வலது தோள் அணைந்துபோனது; விளக்கு அங்கேயே எரிந்துகொண்டிருந்தாலும் அது இப்போது வெறும் மஞ்சள் பெயிண்டாக இருந்தது. பக்கத்தில் கண் எழுதுகிறவர் எட்டிப் பார்த்து, பரவாயில்லையே, இப்பத்தான் ஆளு தெரியறான் என்றார். அவரிடம் கோபிக்கவும் முடியவில்லை. அது அவர் எழுதிய முகம்.

இரண்டாவது காவலனைக் கையில் எடுத்தபோது தலைக்கு மேலே தரை டொக் டொக்கென்று தட்டப்பட்டது. மாமியார் டீ நேரத்துக்கு வைத்திருந்த ஏற்பாடு அது. மேசையில் இருந்தவர்கள் யாரும் நிமிரவில்லை, பழகிவிட்டது. ஜரிகை மேலே பார்த்தாள், கையிலிருந்த செய்தியைப் பார்த்தாள், மேற்பார்வையாளர் கூடத்தை விட்டுப் போகக் கூடாது என்பது நினைவுக்கு வந்தது.

"அண்ணி, அம்மா கூப்பிடறாங்க."

"பெயிண்ட் காஞ்சிடும்" என்றார் இருட்டக்கா.

"மூடி வெக்கிறேன். போயிட்டு வாங்க."